கம்பெனிகள் பணத்தை நிறுத்திவிட்டால் லினக்ஸ் டெஸ்க்டாப் என்ன ஆகும்?

கீழக்கரையில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, கடையில் இருக்கும் ஆறு பழைய கம்ப்யூட்டர்களில் 11 ஏறாது, அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸும் எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக லிப்ரெஆபிஸும் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்திருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் மச்சான், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் காசுல ஓடுற சாமான், ரெட் ஹேட்காரனே லிப்ரெஆபிஸைக் கைவிட்டுட்டான், நாளைக்கு மத்தவனும் விட்டுட்டா என்ன பண்ணுவே" என்று பயமுறுத்தியிருக்கிறார். நீங்கள் எழுதிய கேள்வி, "ஓப்பன் சோர்ஸ் டெஸ்க்டாப்புக்கு எந்தக் கம்பெனி எதற்காகப் பணம் கொடுக்கிறது?" என்பது. (ஓப்பன் சோர்ஸ் என்றால், உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்.) கேட்க நினைத்தது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: அடுத்தவர் காசில் உருவாகும் ஒரு பொருளை நம்பிப் பிழைப்பை வைக்கலாமா? இதற்கே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான விடை போகிற போக்கில் வந்துவிடும்.

நான் ஆபிஸ் சாஃப்ட்வேர், எழுத்துரு சார்ந்த ஓப்பன் சோர்ஸ் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கும் வேலைதான், சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முன்பு பெங்களூரில் இருந்தேன், இப்போது ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தே செய்கிறேன். தேவிபட்டினம், மண்டபம், தொண்டி பக்கம் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கிராஃபிக்ஸ் டிரைவர், கேம் இந்தப் பக்கமெல்லாம் என் கை பட்டதில்லை. அதைப் பற்றிச் சொல்வதை வெளியிலிருந்து பார்ப்பவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சான் சொன்ன செய்தி. அதில் பாதி உண்மை. 2023 ஜூனில், லினக்ஸ் விற்கும் பெரிய கம்பெனியான ரெட் ஹேட், தன்னுடைய லினக்ஸின் வருங்காலப் பதிப்புகளில் லிப்ரெஆபிஸைத் தானே தொகுத்துக் கொடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. வேலண்ட், ஹெச்டிஆர் போன்ற திரை சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு ஆட்களைத் திருப்புகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் மச்சான் சொல்லாத பாதி. ரெட் ஹேட் ஆதரிக்கும் ஃபெடோரா என்ற லினக்ஸில் அந்தத் தொகுப்பு வேலையைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரெட் ஹேட்டில் பல வருடம் அந்த வேலையைப் பார்த்த முக்கியமான டெவலப்பர் கொலாபரா கம்பெனிக்குப் போய், அதே லிப்ரெஆபிஸ் கோடில் (அதன் மூல நிரலில்) வேலையைத் தொடர்ந்தார். கம்பெனி போனது, ஆள் போகவில்லை, கோடும் போகவில்லை. லிப்ரெஆபிஸ் அதற்குப் பிறகும் வழக்கம்போல் வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் இதை வைத்து "யார் விட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்ல வரவில்லை. ஆகும். எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பணம் எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். "ஸ்பான்சர்" என்றதும் திருவிழா பேனரில் கடைப்பெயர் போடுவதுபோல் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த வகையும் உண்டு. லினக்ஸின் டெஸ்க்டாப் திரையை உருவாக்கும் இரண்டு பெரிய குழுக்களான கேடிஈ அமைப்புக்கும் க்னோம் அறக்கட்டளைக்கும் கம்பெனிகள் வருடாந்திரத் தொகை கொடுக்கின்றன. அது சர்வர் செலவு, மாநாடு, ஒருசில ஊழியர் சம்பளம் என்று போகும். அப்படிக் கொடுப்பதால் சாஃப்ட்வேர் எப்படி இருக்கவேண்டும் என்று கட்டளையிடும் உரிமை கிடைப்பதில்லை. க்னோமில் பணம் கொடுக்கும் கம்பெனிகள் உட்காரும் ஆலோசனைக் குழுவுக்கு முடிவெடுக்கும் அதிகாரமே கிடையாது. லிப்ரெஆபிஸை வைத்திருக்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஜெர்மனியில் பதிவான அறக்கட்டளை. அதன் நிர்வாகக் குழுவில் ஒரே கம்பெனி ஆட்கள் பெரும்பான்மை ஆகிவிடாதபடி விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெரிய பணம் இந்த வழியில் வருவதில்லை. கம்பெனி ஒரு டெவலப்பரை வேலைக்கு வைத்துக்கொண்டு, "நீ இந்த ஓப்பன் சோர்ஸ் கோடில் வேலை செய்" என்று சம்பளம் கொடுக்கிறதே, அதுதான் உண்மையான ஸ்பான்சர்ஷிப். இல்லையென்றால் இகாலியா, கொலாபரா மாதிரி ஒப்பந்தக் கம்பெனிகளிடம் குறிப்பிட்ட வேலையைச் சொல்லிச் செய்யவைப்பார்கள். வால்வ் கம்பெனி 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கேம் கருவியை வெளியிட்டது. அதன் டெஸ்க்டாப், கேடிஈயின் பிளாஸ்மா. அந்தக் கருவி நன்றாக ஓடவேண்டும் என்பதற்காக வால்வ் கொடுத்த பணத்தில் சரியான பல விஷயங்கள், கேம் விளையாடாத நம் வீட்டு லினக்ஸுக்கும் வந்து சேர்ந்தன. யாரும் தர்மத்துக்குச் செய்வதில்லை, தங்கள் சரக்குக்குத் தேவையானதைச் செய்கிறார்கள். இதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. தர்மத்துக்கு வரும் பணத்தைவிடத் தேவைக்கு வரும் பணம்தான் அதிக நாள் நிற்கும் என்பது இந்தத் தொழிலில் நான் பார்த்தது.

அந்தத் தேவை தீர்ந்ததும் நின்றுவிடும் என்பதும் அதே அளவு நிச்சயம். உபுண்டு லினக்ஸை வெளியிடும் கெனானிகல் கம்பெனி 2012-ல், கேடிஈ டெஸ்க்டாப் போட்ட உபுண்டுவான குபுண்டுவுக்குக் கொடுத்துவந்த சம்பளத்தை நிறுத்தியது. சில மாதங்களில் ப்ளூ சிஸ்டம்ஸ் என்ற வேறொரு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அதே கெனானிகல் பல வருடம் ஆள் வைத்து வளர்த்த யூனிட்டி டெஸ்க்டாப்பை 2017 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் மூடிவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. குபுண்டு தப்பித்ததற்குக் காரணம், அது கேடிஈ என்ற பெரிய பொது வேலையின் மேல் உட்கார்ந்திருந்தது. யூனிட்டி பெரும்பாலும் ஒரே கம்பெனியின் வேலை. அந்தக் கம்பெனி மனம் மாறியதும் வேகம் போய்விட்டது. ஆர்வலர்கள் சிலர் அதைப் பிழைக்கவைத்தார்கள், பழைய இடம் கிடைக்கவில்லை.

நம் கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 2000-க்குப் பிறகு மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கப்பாஃபைகஸ் கடல்பாசி வளர்ப்பைப் பெரிய அளவில் கொண்டுவந்தது பெப்சி கம்பெனி. இன்றைக்கும் சிலர் அதைப் பெப்சி பாசி என்றுதான் சொல்கிறார்கள். 2008-ல் பெப்சி விலகிக்கொண்டது, வேறு கம்பெனி எடுத்து நடத்தியது. தெப்பம் கட்டத் தெரிந்த பெண்கள் இங்கேயே இருந்தார்கள், விதைப்பாசி இருந்தது, அந்த இனத்தை வளர்த்துக் காட்டிய மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் மண்டபத்திலேயே இருந்தது. அதனால் தொழில் நின்றுபோகவில்லை. ஆனால் எவ்வளவு எடுப்பார்கள், என்ன விலை தருவார்கள் என்பது வாங்குகிற கம்பெனியின் கையில்தான் இருந்தது. (குருசடைத் தீவுப் பவளப்பாறையில் அந்தப் பாசி பரவியது பற்றிய சர்ச்சை தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை.) சாஃப்ட்வேரிலும் கம்பெனி விலகும்போது பார்க்கவேண்டியது இதையேதான். தொழில் தெரிந்த ஆள் யாரிடம் இருக்கிறார்? விதை யார் கையில்? அடுத்து வாங்க வேறு யாராவது உண்டா?

விதை யார் கையில் என்பதற்கு லிப்ரெஆபிஸ் பிறந்த கதையே நல்ல உதாரணம். சன் கம்பெனி 1999-ல் ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் கம்பெனியை வாங்கி, அதன் ஸ்டார் ஆபிஸ் கோடை 2000-ல் ஓப்பன் ஆபிஸ் என்று திறந்துவிட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. அதே வருடம் செப்டம்பரில் முக்கியமான ஆட்கள் வெளியே வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனை அறிவித்தார்கள். கோடை எடுத்துக்கொண்டு வரலாம், உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. பெயரை எடுத்துக்கொண்டு வரமுடியவில்லை, அது ஆரக்கிளுடையது. அதனால்தான் லிப்ரெஆபிஸ் என்ற புதுப் பெயர். 2011-ல் ஆரக்கிள் பழைய பெயரையும் கோடையும் அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. அப்போதைக்குள் ஆட்கள் லிப்ரெஆபிஸ் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். பழைய பெயரில் உள்ளது இன்றும் டவுன்லோடு ஆகிறது, அதைப் போடாதீர்கள். ஓப்பன் ஆபிஸ் என்று தேடினால் முதலில் அதுதான் வரும் என்பதால் சொல்கிறேன்.

பெயரும் கோடும் அறக்கட்டளையிடம் இருப்பது முழுப் பாதுகாப்பு என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஆள் இல்லாத அறக்கட்டளை வெறும் பதிவுச் சான்றிதழ். ஆனால் ஆள் இருக்கும்போது அது பெரிய வேலி. கேடிஈ முழுக்க கியூடி என்ற கருவியின் மேல் கட்டப்பட்டது. கியூடி ஒரு நார்வே கம்பெனியில் தொடங்கி, 2008-ல் நோக்கியா கைக்குப் போய், பிறகு டிஜியா, இப்போது கியூடி கம்பெனி என்று பல முதலாளிகளைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கேடிஈக்காரர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் 1998-ல் போட்ட ஓர் ஒப்பந்தம். கியூடியின் திறந்த பதிப்பை வெளியிடுவதை யாராவது நிறுத்தினால், அதைத் தாராளமான உரிமத்தில் வெளியிடும் உரிமை அதற்கென்று அமைத்த அறக்கட்டளைக்கு வந்துவிடும். முதலாளி மாறலாம் என்பதை முதலிலேயே எதிர்பார்த்து எழுதியது அது. நல்ல வக்கீல் வேலை.

இனி உங்கள் கடைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம், பிரிண்டர். லினக்ஸில் அச்சடிப்பதை நடத்துவது கப்ஸ் என்ற சாஃப்ட்வேர். 1990-களின் கடைசியில் மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதியது. 2007-ல் ஆப்பிள் கோடை வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேக் கம்ப்யூட்டரில் அச்சடிப்பதும் இதே கப்ஸ்தான், அதனால் ஆப்பிளுக்குத் தேவை இருந்தது. 2019 டிசம்பரில் ஸ்வீட் ஆப்பிளைவிட்டு விலகினார். அதன்பின் ஆப்பிள் பக்கத்துக் கோடில் அசைவே பெரும்பாலும் நின்றுபோனது. உலகத்தின் லினக்ஸ் பிரிண்டர் எல்லாம் ஒரு கம்பெனியின் ஒரு சம்பளக்காரரை நம்பி இருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2020-ல் ஓப்பன் பிரிண்டிங் என்ற குழு அந்தக் கோடைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டது. அங்கே அதை முன்னின்று நடத்திய டில் காம்பெட்டருக்கு அப்போது சம்பளம் கொடுத்தது கெனானிகல். ஸ்வீட்டும் தொடர்ந்து கோடு எழுதினார். இப்போது லினக்ஸ்களில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பிரிவுதான்.

இதில் இன்னொரு திருப்பம் இருக்கிறது, கடைக்காரருக்கு அது முக்கியம். 2010-ல் ஆப்பிளுக்கு, ஐபோனிலிருந்து டிரைவர் எதுவும் போடாமல் அச்சடிக்கவேண்டும் என்ற தேவை வந்தது. ஏர்பிரிண்ட் அப்படி வந்தது. போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்டதால், பிரிண்டர் கம்பெனிகள் தங்கள் புது மாடல்களில் அந்த வசதியைச் சேர்த்தே ஆகவேண்டியதாயிற்று. லினக்ஸ் அதே வழியில் டிரைவர் இல்லாமல் அந்தப் பிரிண்டரிடம் பேசிவிடுகிறது. ஆக, லினக்ஸைப் பற்றி யோசிக்காத ஒருவருடைய தேவை, லினக்ஸின் பழைய தலைவலியைப் பெருமளவு தீர்த்துவைத்தது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் இருக்கும் பழைய சின்ன லேசர் பிரிண்டர்கள் அதற்கு முந்தியவை. அவற்றில் சிலவற்றுக்குக் கம்பெனி எப்போதோ கொடுத்த மூடிய டிரைவர்தான் கதி. அதைப் புதுப்பிக்க எந்த ஸ்பான்சருக்கும் காரணம் இல்லை, கோடு மூடியிருப்பதால் ஆர்வலரும் தொடமுடியாது. தொண்டியில் ஒரு கடையில் எல்லாம் மாற்றிக் கொடுத்தபிறகு இந்த ஒரு பிரிண்டருக்காகவே ஒரு பழைய விண்டோஸ் மெஷினை மூலையில் வைத்துக்கொள்ளவேண்டி வந்தது. அதனால் உங்கள் பிரிண்டரின் மாடல் எண்ணை முதலில் பாருங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது அதே மாதிரியான மொப்ரியா என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் இல்லாவிட்டாலும் பார்க்கவேண்டியது அதைத்தான்.

அடுத்து தமிழ். இதில்தான் கம்பெனிப் பணத்தின் இரண்டு முகமும் நன்றாகத் தெரியும். "கெ" என்று தட்டும்போது கம்ப்யூட்டருக்குள் முதலில் க, பிறகு கொம்பு என்று பதிவாகிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். "கொ" என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கவேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற சிறிய நிரல். அதைப் பெருமளவு எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ரெட் ஹேட்டிலும் பிறகு கூகுளிலும் சம்பளத்தில் இருந்தவர். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதுதான். லிப்ரெஆபிஸ் 2017-ல் வந்த 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளத்திலும் அதற்கு மாறியது. அதற்கு முன் ஒரே கோப்பு விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் வேறு மாதிரி வரி உடைந்து வரும், அந்தத் தொல்லை அதோடு பெரிதும் குறைந்தது. லோஹித் தமிழ் எழுத்துருவைத் திறந்துவிட்டது ரெட் ஹேட். அவர்களுடைய புனே அலுவலகத்தில் இந்திய மொழிகளுக்கென்றே ஒரு குழு இருந்து, தமிழ் மொழிபெயர்ப்பும் செய்தது. கூகுளுக்கு இந்தியாவில் போன் விற்கவேண்டும், ரெட் ஹேட்டுக்கு இந்திய அரசு அலுவலகங்களில் இடம் பிடிக்கவேண்டும். அந்த ஆசை இல்லாவிட்டால் லினக்ஸில் தமிழ் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆர்வலர்கள் எத்தனை பேர் உழைத்தாலும், எழுத்து வடிவமைப்பு இயந்திரம் மாதிரியான வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கமுடியாது.

ஆனால் எழுத்து தெரிவதோடு அந்த ஆசை முடிந்துவிடுகிறது. தமிழ்ச் சொற்பிழை திருத்தி உலகத்தரத்தில் வேண்டும் என்று எந்த டெஸ்க்டாப் கம்பெனிக்கும் அவசரம் இல்லை. லிப்ரெஆபிஸில் இருப்பது ஆர்வலர்கள் செய்தது. விகுதி ஒட்டிக்கொண்டே போகும் நம் சொற்களுக்கு அது போதாது, நல்ல சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய நோட்டீஸ்களை, இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் அப்படித்தான், யாரோ ஒருவர் தன் தேவைக்கு எழுதி இணையத்தில் வைத்தவை. கம்பெனிக்குத் தேவை இருக்கும் அடித்தளம் கெட்டியாக இருக்கும். நம்மை மாதிரி ஆட்களுக்கு மட்டும் தேவைப்படும் மேல்மாடி ஒழுகும். நீங்கள் பயப்படவேண்டியது லிப்ரெஆபிஸ் ஒருநாள் காணாமல் போய்விடும் என்பதற்கு இல்லை. அது நன்றாகவே இருக்கும், உங்களுக்கு வேண்டிய ஒரு மூலையை மட்டும் பத்து வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். பயப்படவேண்டியது அதற்கு.

விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. பழைய டிடிபி சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரின் கோப்புகள் உங்களிடம் மலைபோல் இருக்கும். லிப்ரெஆபிஸ் ட்ரா 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அவற்றைத் திறக்கிறது. அந்தக் கோடு, கூகுள் மாணவர்களுக்குக் கோடைகாலத்தில் உதவித்தொகை கொடுக்கும் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் வந்தது. வரி அமைப்பு அப்படியே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய தமிழ் ஃபாண்டை லினக்ஸில் போட்டுவிட்டால் எழுத்து வரும், இடம் கொஞ்சம் தள்ளும். பழைய கோப்பிலிருந்து விஷயத்தை எடுக்க உதவும், அதிலேயே தொழில் செய்ய உதவாது.

கம்பெனியைக் கும்பிடாமலே வளர்ந்தது உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரைச் சொல்லலாம். அதை வைத்திருந்த கம்பெனி 2002-ல் மூடிப்போனது. முதலீட்டாளர்களிடமிருந்து கோடை விடுவிக்க 1,00,000 யூரோ கேட்டார்கள். பயன்படுத்துபவர்கள் ஏழே வாரத்தில் திரட்டிவிட்டார்கள். அதன்பிறகு பல வருடம் சின்னச் சின்னத் தொகையில் ஓடி, தொழிலில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தபிறகுதான் பெரிய பணம் வந்தது. 2019-ல் எபிக் கேம்ஸ் 12 லட்சம் டாலர் கொடுத்தது. என்விடியா, ஏஎம்டி எல்லாம் சேர்ந்தன. பல கம்பெனிகள் கொடுப்பதால் ஒருவர் விலகினால் ஆட்டம் காணாது. இது எல்லோருக்கும் வாய்க்காது. படம் வரைபவர்களும் கேம் செய்பவர்களும் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், அதனால் கொடுக்கிறார்கள். கணக்குத் தாளையும் கடிதத்தையும் தட்டுகிறவர்கள் அப்படிக் கொடுப்பதில்லை.

இதுவரை சொன்னவை நடந்து முடிந்தவை, நிச்சயமானவை. இனி சொல்வது என் கணிப்பு. ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கியது. டெஸ்க்டாப்பில் ரெட் ஹேட்டின் கை இன்னும் சுருங்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் அவர்களுடைய வருமானம் சர்வரில் இருக்கிறது. அந்த இடத்தை ஒரு பங்கு அரசுகள் நிரப்பும் என்று தோன்றுகிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரெஆபிஸுக்கு மாற்றுவதாக 2024-ல் அறிவித்தது. ஜெர்மன் அரசு நிதி ஒன்று க்னோமுக்கு 2023-ல் 10 லட்சம் யூரோ கொடுத்தது. ஆனால் அரசும் மனம் மாறும். மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2017-ல் திரும்பவும் விண்டோஸ் என்றது. நம் மாநிலத்திலேயே 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. என் கைக்கு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் முதல் வேலையாக அதை அழித்திருந்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் போடவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் கொடுப்பது. அமெரிக்க நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அப்படிப் பணம் கொடுப்பதைத் தடைசெய்யவில்லை, அதனால் இப்போதைக்கு மூச்சு இருக்கிறது. போட்டிக்காரனே படியளக்கும் நிலை நல்ல நிலை இல்லை. கடையில் ஃபயர்ஃபாக்ஸோடு, குரோமின் ஓப்பன் சோர்ஸ் வடிவமான குரோமியமும் போட்டு வையுங்கள். அரசுத் தளங்கள் சில எப்படியும் குரோமில்தான் ஒழுங்காகத் திறக்கும்.

"நாங்கள் சும்மா பயன்படுத்துகிறோமே, ஏதாவது கொடுக்கவேண்டுமா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கட்டாயம் இல்லை. கொடுக்க ஆசை இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை விண்டோஸ் விலையில் ஒரு பங்கை டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கோ கேடிஈக்கோ அனுப்பலாம். கார்டில் போகும், செலவுக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். இந்தியாவில் பெரிய அளவில் கொடுப்பவர்களும் வந்திருக்கிறார்கள். பங்கு வர்த்தகக் கம்பெனியான ஜெரோதா 2024 அக்டோபரில் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை ஓப்பன் சோர்ஸுக்கென்று ஒதுக்கும் ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கியது. என்னைக் கேட்டால் உங்கள் பணத்தைவிட உங்கள் கடையின் பிழை அறிக்கை மதிப்பு. தமிழில் நாள் முழுக்கத் தட்டி, அச்சடித்து, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கும் ஆள் டெவலப்பர்கள் பக்கத்தில் மிகவும் குறைவு. எந்தக் கோப்பு, எந்த ஃபாண்ட், எப்படி வரவேண்டியது எப்படி வந்தது என்று படத்தோடு எழுதிப் போட்டால் பார்ப்பார்கள். தமிழில் எழுதினால் நான் மொழிபெயர்த்துப் போட்டுத் தருகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். ஆறு மெஷினில் விண்ணப்பம் நிரப்புவது, பிரவுசிங், கடிதம் தட்டுவது மட்டும் நடக்கும் நான்கை தாராளமாக மாற்றலாம். குபுண்டுவோ, மின்ட் என்ற இன்னொரு லினக்ஸோ போடுங்கள். இரண்டிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே கிடைக்கும், பாமினி விசையில் பழகியவர்களுக்கு அந்த அமைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். டிடிபி மெஷினை மாற்றாதீர்கள். கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸில் நேரடியாக ஓடாது, அவற்றுக்குப் பதிலான இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் நல்லவைதான் என்றாலும் பிளெக்ஸ் அடிக்கிறவர் கோரல் கோப்புதான் கேட்பார். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் மெஷினையும் விண்டோஸிலேயே விடுங்கள். அவற்றின் டிரைவரும் அந்தந்தத் தளங்களும் விண்டோஸை மனதில் வைத்துச் செய்தவை, லினக்ஸில் ஓடவைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அந்தச் சோதனை வேண்டாம். அந்த இரண்டை மட்டும் விண்டோஸ் 11 ஏறும் மெஷினாக மாற்றிக்கொள்ளும் செலவு, ஆறையும் மாற்றுவதைவிட எவ்வளவோ குறைவு.

மாற்றுவதற்கு முன் ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஒரு மெஷினைத் திறந்து, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் தட்டுவது, நீங்கள் தினமும் திறக்கும் அரசுத் தளங்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் பாருங்கள். பெருநாள் வாழ்த்து அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் குவியும் நாட்களில் ஆரம்பிக்காதீர்கள், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் ஓடும் மே, ஜூனிலும் வேண்டாம். பிரிண்டர், ஸ்கேனர் இரண்டின் மாடல் எண்ணையும் இங்கே எழுதுங்கள், அவை ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.